மண் பரிசோதனை அட்டையைச் செயற்கை நுண்ணறிவிடம் காட்டும்போது

இராமநாதபுரம் கடலோரத்தில் குண்டு மிளகாய் (2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அதே முண்டு மிளகாய்தான்) பயிரிடுவோர், மண் பரிசோதனை அட்டையைப் படமெடுத்து, செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம். ஆனால் "உப்பு மண்ணுக்கு என்ன செய்வது?" என்று மொட்டையாகக் கேட்டால் ஜிப்சம் போடச் சொல்லிவிடக்கூடும்; அப்படியொரு பதிலை நம்பி நானும் மூட்டை விலை விசாரிக்கும்வரை போய்விட்டேன். ஜிப்சம், சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு உரியது. கரையும் உப்பு மட்டும் மிகுந்த உவர் மண்ணிலோ, ஐப்பசி, கார்த்திகை மழைநீரை வரப்புக் கட்டித் தேக்கி, உப்பைக் கரைத்து வடிகாலில் வெளியேற்றுவதே வழி.

எனவே கார அமில நிலை, மின் கடத்துதிறன் (உப்பின் அளவைக் காட்டுவது), சோடிய விழுக்காடு ஆகிய மூன்றையும் கேள்வியிலேயே எழுதிவிடுங்கள். மின் கடத்துதிறனை ஆய்வகம் எவ்வளவு நீர் சேர்த்து அளந்தது என்பதையும் குறிப்பிடுவது அவசியம். ஏனெனில் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் என்னும் உவர் எல்லை, நீரால் நிறைவித்த மண்ணிலிருந்து பிரித்த சாற்றுக்கானது, ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் ஊற்றி அளந்தால் அதே மண் குறைந்த எண்ணையே காட்டும். உர அளவை மட்டும் 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.