‘ப்ரொவைட்’: வினை சரி, பின்னால் வருவதுதான் தவறு

எழுத்துப்பிழையை மென்பொருளே காட்டிக்கொடுத்துவிடும். அதன் கண்ணில் படாமல் நழுவும் பிழைகளைத்தான் ஆங்கிலத்தில் புதிதாக எழுதுபவர்கள் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ‘ப்ரொவைட்’ (provide, வழங்கு) என்ற வினையில் நேர்பவை இவை.

‘வித்’தை விழுங்குவது

‘ப்ளீஸ் ப்ரொவைட் மீ த டீடெய்ல்ஸ்.’ எத்தனை முறை திருத்தினாலும் மறுநாளே திரும்பி வந்து எரிச்சலூட்டும் வாக்கியம் இது. ‘எனக்கு விவரங்களைத் தாருங்கள்’ என்பதில் ‘கு’வும் ‘ஐ’யும் பெறுபவர் யார், பொருள் எது என்று காட்டிவிடுகின்றன. சொற்களை இடம் மாற்றினாலும் குழப்பமில்லை. ஆங்கிலத்தில் அந்த வேலை சொல்லின் இடத்துக்கும், ‘வித்’, ‘ஃபார்’, ‘டு’ போன்ற முன்னிடைச்சொல்லுக்கும் உரியது. ‘கிவ்’ ஆளையும் பொருளையும் அடுத்தடுத்து ஏற்கும். ‘ப்ரொவைட்’ பொதுவாக ஏற்காது. அமெரிக்க வழக்கில் அப்படி வருவதுண்டு என்றாலும், தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் அதை நம்ப வேண்டாம்.

ஆள் முதலில் வந்தால், பொருளுக்கு முன் ‘வித்’: ‘ப்ரொவைட் த ஸ்டூடன்ட்ஸ் வித் புக்ஸ்’. பொருள் முதலில் வந்தால், ஆளுக்கு முன் ‘ஃபார்’ அல்லது ‘டு’: ‘ப்ரொவைட் புக்ஸ் ஃபார் த ஸ்டூடன்ட்ஸ்’.

செயப்பாட்டு வினையில் சேதம் அதிகம். ‘புக்ஸ் வேர் ப்ரொவைடட் வித் ஸ்டூடன்ட்ஸ்’ என்றால் புத்தகங்களுக்கு மாணவர்களைக் கொடுத்ததாகிவிடும். ‘வித்’ என்றால் ‘உடன்’ என்று மட்டும் மனப்பாடம் செய்ததன் விளைவு. இங்கே அது, கொடுக்கப்படும் பொருளைக் காட்டும் அடையாளம்.

‘ப்ரொவைட் ஃபார்’ வேறு

இந்த வினையின் லத்தீன் மூலத்துக்கு ‘முன்கூட்டிப் பார்த்தல்’ என்று பொருள். அந்தச் சாயல் இங்கே மிச்சமிருக்கிறது. ‘ஷீ ப்ரொவைட்ஸ் ஃபார் ஹெர் பேரன்ட்ஸ்’ என்றால் பெற்றோரின் வாழ்க்கைச் செலவை அவள் பார்த்துக்கொள்கிறாள். ‘வீ ப்ரொவைட் ஃபார் அவர் கஸ்டமர்ஸ்’ என்று நிறுவனம் எழுதினால், வாடிக்கையாளரைப் பராமரிப்பதாகப் பொருள் போய்விடும். ‘த அக்ரிமென்ட் ப்ரொவைட்ஸ் ஃபார் எ ரீஃபண்ட்’ என்பதிலோ, பணத்தைத் திருப்பித் தர ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது என்றுதான் அர்த்தம்.

‘ப்ரொவைடட் தட்’

‘இருந்தால் மட்டுமே’ என்ற நிபந்தனைக்கு உரியது. ‘மழை பெய்தால் நனைவோம்’ என்பதற்கு ‘இஃப்’தான். ‘ப்ரொவைடட் தட்’டின் பின்னால் எதிர்காலத்தைச் சொல்லும்போதும் நிகழ்கால வினையே வரும்; ‘வில்’ வராது.

‘ஆன் இன்ஃபர்மேஷன்’

‘ஒரு’ என்று பொருள்படும் ‘ஆன்’ (an) வேண்டாம். ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்ற சொல்லும் வேண்டாம்.

பரிசு, முத்தம், புன்னகை

‘கிவ்’ போதும். தேவையான ஒன்றைக் கிடைக்கச் செய்வதற்குத்தான் ‘ப்ரொவைட்’.