லேப்டாப் போனாலும் வேலை நிற்காது: உபுண்டு அமைப்பை ஆன்சிபிளிடம் ஒப்படைப்பது எப்படி?

லேப்டாப் செத்துப்போனால் இன்னொன்று வாங்கிவிடலாம். அதில் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த கருவிகளையும் செட்டிங்குகளையும் திரும்பக் கொண்டுவருவதுதான் உயிரை எடுக்கும். உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் இதைத் தானாக நடக்க வைக்கலாம், வாருங்கள்.

முதலில் கணக்கெடுப்பு. டெர்மினலில் ‘ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்’ (apt-mark showmanual) கொடுத்தால், நீங்களாக நிறுவிய பேக்கேஜ்களின், அதாவது மென்பொருள்களின், பட்டியல் வரும். உபுண்டு நிறுவும்போதே வந்தவையும் அதில் கலந்திருக்கும் என்பதால் அப்படியே காப்பி செய்யாமல், உட்கார்ந்து படித்து உங்களுக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுங்கள். உபுண்டுவின் இன்னொரு நிறுவல் முறையான ஸ்னாப்பில் போட்டவற்றுக்கு ‘ஸ்னாப் லிஸ்ட்’ (snap list).

அடுத்து, அந்தப் பட்டியலை ஆன்சிபிள் பிளேபுக்காக எழுத வேண்டும். ஆன்சிபிள் என்பது கணினி அமைப்பைத் தானாகச் செய்துதரும் கருவி; பிளேபுக் என்பது அதற்கு நாம் எழுதித் தரும் வேலைப் பட்டியல். கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட் போதாதா என்று கேட்பீர்கள். பாதியில் நின்ற ஸ்கிரிப்டை மறுபடி ஓட்டினால், டெர்மினல் செட்டிங்குகள் இருக்கும் பாஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் ஒரே வரி இரண்டு தடவை ஏறிவிடும், அதைத் தடுக்க நீங்களே ஒவ்வொரு இடத்திலும் சரிபார்த்து எழுத வேண்டியிருக்கும். ஆன்சிபிளில் பேக்கேஜ் நிறுவும் ஆப்ட் (apt), கோப்பில் வரி சேர்க்கும் லைன்இன்ஃபைல் (lineinfile) மாட்யூல்களோ ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்கும். பிளேபுக்கை இரண்டாம் முறை ஓட்டிப் பாருங்கள். முடிவில் ‘சேஞ்ச்டு=0’ (changed=0), அதாவது எதுவும் மாறவில்லை, என்று வர வேண்டும். வராவிட்டால், எந்த டாஸ்க் மஞ்சளில் தெரிகிறதோ அதைத் திருத்துங்கள்.

பாஷ்ஆர்சி, கிட்கான்ஃபிக் (.gitconfig) மாதிரி புள்ளியில் தொடங்கும் செட்டிங் கோப்புகளான டாட்ஃபைல்களையும் பிளேபுக்கோடு ஒரே கிட் ரெப்போவில், அதாவது மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (git) கருவியின் களஞ்சியத்தில், வையுங்கள். ஆனால் சர்வர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் பிரைவேட் கீ, டோக்கன், பாஸ்வேர்டு எதுவும் அதற்குள் போகவே கூடாது, ரெப்போ பிரைவேட்டாக இருந்தாலும் சரி. புது மெஷினுக்குப் புதுக் கீ உருவாக்கிக்கொள்வதே நல்லது. அப்புறம் அங்கே கிட், ஆன்சிபிள் இரண்டையும் கையால் நிறுவி, ‘ஆன்சிபிள்-புல்’ (ansible-pull) கட்டளைக்கு ரெப்போ முகவரியைக் கொடுத்தால் மீதியை அதுவே இறக்கி ஓட்டிக்கொள்ளும்.

கிட்டில் இல்லாத ஆவணங்கள், டேட்டாபேஸ் டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) போன்றவற்றுக்கு ரெஸ்டிக் (restic) என்ற பேக்கப் கருவி. வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ வேறு சர்வரிலோ என்கிரிப்ட் செய்தே சேமிக்கும். அதன் பாஸ்வேர்டு தொலைந்தால் பேக்கப்பைத் திறக்க வழியே இல்லை, ஆகவே அந்தப் பாஸ்வேர்டு இதே லேப்டாப்பில் மட்டும் இருக்கக் கூடாது.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள், மீட்டெடுத்துச் சோதித்துப் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய கவலை. கணினிக்குள்ளேயே இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு வெறும் உபுண்டுவைப் போட்டு, எல்லாவற்றையும் அதில் மீட்டெடுத்து, உங்கள் ப்ராஜெக்ட் ஒன்றை பில்ட் செய்து பாருங்கள். எங்கெல்லாம் கையால் ஏதாவது செய்ய வேண்டி வந்ததோ, அதையெல்லாம் பிளேபுக்கில் எழுதிவிட்டு, அந்த மெஷினை அழித்து முதலிலிருந்து இன்னொரு தடவை ஓட்டுங்கள்.