ஆஸ்துமா ஜீன் ரிப்போர்ட் வந்தால் எங்கிருந்து வாசிப்பது?

அண்ணன் ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். "ஏம்மா, என் ரிப்போர்ட்ல ஆஸ்துமான்னு செவப்புக் கட்டம் போட்டிருக்கு. இந்த வயசுக்கு மேல எனக்கும் வீசிங் வருமா?"

51 வயதுவரை இன்ஹேலரைக் கையால் தொடாதவர் அவர். 7 வயதிலிருந்து அதோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். அண்ணன் மகன் ஆசையாக எங்கள் இருவருக்கும் ஜீன் சோதனைக்கான எச்சில் குழாய் வாங்கி அனுப்பியிருந்தான். (அரை மணி நேரம் காபிகூடக் குடிக்காமல் கோடுவரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் வராது.) இரண்டு ரிப்போர்ட்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐஎல்-13 என்ற ஜீனின் வரியில் இருவருக்கும் ஒரே எழுத்துகள்: ஏஏ.

நான் டாக்டர் இல்லை. ஈரோட்டில் நூல் மில் ஒன்றுக்குக் கணக்கு எழுதுகிறேன். எந்தத் தாள் வந்தாலும் முதலில் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் பார்க்கிற பழக்கம் மட்டும் உண்டு. இங்கேயும் அதையே செய்யுங்கள். சிவப்பு, பச்சைக் கட்டங்களை மறந்துவிட்டுக் கடைசிப் பக்க அட்டவணைக்குப் போங்கள். ஒவ்வொரு வரியிலும் ஜீனின் பெயர், ஆர்எஸ் என்று தொடங்கும் ஒரு எண், இரண்டு எழுத்துகள் இருக்கும். எழுத்துகளில் ஒன்று அம்மா தந்தது, மற்றது அப்பா தந்தது.

அடுத்து, அந்த ஜீன் என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். அலர்ஜி ஆஸ்துமாவில் நடப்பது ஒரு தகவல் கைமாறுகிற கதை. தூசியோ மகரந்தமோ பட்டதும் மூச்சுக்குழாயின் உள்தோல் ஐஎல்-33, டிஎஸ்எல்பி என்ற புரதங்களை விட்டு ஆள் கூப்பிடுகிறது. அதைக் கேட்ட நோயெதிர்ப்புச் செல்கள் ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டையும் விடுகின்றன. இவை அடுத்த செல்லின் மேலிருக்கும் ஐஎல்-4ஆர் என்ற வாங்கியில் (ரிசெப்டர்) உட்கார்ந்ததும், உள்ளே ஸ்டாட்6 என்ற புரதம் செல்லின் கருவுக்குள் போய் ஜீன்களைத் தட்டி எழுப்புகிறது. பி செல் என்ற நோயெதிர்ப்புச் செல், அலர்ஜியைக் கிளப்பும் ஐஜிஇ என்ற எதிர்ப்புப் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்குவது இப்படித்தான். ஐஎல்-13 அதோடு நிற்காது. சளியைக் கூட்டும், குழாய் தொட்டதற்கெல்லாம் சுருங்கும்படி செய்யும்.

எங்கள் வரி ஆர்எஸ் 20541. அந்த இடத்தில் 'ஏ' இருந்தால் ஐஎல்-13 புரதத்தில் அர்ஜினினுக்குப் பதில் குளூட்டமின் வந்து உட்காருகிறது. ஒரே ஒரு அமினோ அமிலம்தான் மாறுகிறது. ஆனால் ஆய்வகச் சோதனைகளில் இந்த மாறிய புரதம் தகவலைக் கொஞ்சம் உரக்கச் சொல்கிறது, மிஞ்சியதைப் பிடித்து அடக்க வேண்டிய வாங்கியிடமும் எளிதில் சிக்குவதில்லை. ஒரு எச்சரிக்கை: இதே மாறுபாட்டைச் சிலர் ஜி/ஏ என்றும், டிஎன்ஏவின் எதிர் இழையைப் படித்தவர்கள் சி/டி என்றும் எழுதுவார்கள். எழுத்து வேறாக இருக்கிறதே என்று பதறாமல் ஆர்எஸ் எண்ணை ஒப்பிடுங்கள்.

இனி 'எத்தனை மடங்கு' என்ற கட்டம். பரவலாகக் காணப்படும் மாறுபாடுகளுக்கு இது பெரும்பாலும் 1.1, 1.2 என்றுதான் இருக்கும். 1.2 என்றால் 100 பேரில் 5 பேருக்கு வருவது 6 பேருக்கு வரும், அவ்வளவுதான். இதற்கா சிவப்பு மை? ஒரே மாறுபாடு பெரிய வித்தியாசம் செய்வதும் உண்டு, ஆனால் அபூர்வம். ஐஎல்-33 ஜீனைச் செயலிழக்கச் செய்யும் ஒரு மாறுபாட்டை ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்டார்கள். அது உள்ளவர்களுக்கு, அலர்ஜியில் பெருகும் ஈசினோஃபில் என்ற ரத்த வெள்ளணு குறைவு, ஆஸ்துமா வாய்ப்பும் ஏறக்குறைய பாதி. இன்னொன்று, இந்த மடங்குக் கணக்குகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்டவை. நமக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரி, எழுத்து ஒன்றாக இருந்தும் அண்ணனுக்கு ஏன் வரவில்லை? அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் உண்டு. பூர்வீகமும் ஜீன்களும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் பிள்ளைகளில் சுமார் 5 சதவீதத்தினருக்கு ஆஸ்துமா, ஹட்டரைட் பிள்ளைகளில் சுமார் 21 சதவீதம். ஆமிஷ்காரர்கள் குதிரையும் மாடுமாகச் சின்னப் பண்ணைகளில் இருப்பவர்கள், மற்றவர்கள் இயந்திரம் வைத்துப் பெரும் பண்ணை நடத்துபவர்கள். 2016இல் வந்த ஆய்வில் ஆமிஷ் வீட்டுத் தூசியில் எண்டோடாக்சின் என்ற பாக்டீரியாப் பொருள் 6.8 மடங்கு அதிகமாக இருந்தது. சின்ன வயதிலேயே அந்தத் தூசிக்குப் பழகியதுதான் பிள்ளைகளைக் காத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அண்ணன் 5 வயதுவரை அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுக் கட்டுத்தரையில் சாணிக்கு நடுவில் புரண்டவர். நான் பிறந்தது டவுனுக்கு வந்த பிறகு, பஞ்சு குடோனுக்கு அடுத்த வீட்டில். இரண்டு பேரை வைத்துச் சராசரி போடக் கூடாது என்று எனக்கும் தெரியும், ஆனாலும் மனம் அங்கேதான் போகிறது. இதைப் படித்துவிட்டு வீசிங் இருக்கிற பிள்ளையை மாட்டுக் கொட்டகையில் விடாதீர்கள். வந்தபின் அந்தத் தூசியே இழுப்பைக் கிளப்பிவிடும்.

பச்சைக் கட்டம் சிவப்பைவிட ஆபத்து. 17ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி உண்டு, சிறுவயது ஆஸ்துமாவோடு அதற்குத் தொடர்பு இருப்பதை 2007இல் கண்டுபிடித்தார்கள். அந்த வரி எனக்குப் பச்சை. அந்தத் தெம்பில் தினசரி இன்ஹேலரைப் பதினைந்து நாள் எடுக்காமல் விட்டேன். பதினாறாம் நாள் விடியற்காலை நெபுலைசர் மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட்டோடு ஒரு வெள்ளைத் தாளும் கொண்டுபோங்கள். அதில் அப்பா வழி, அம்மா வழி என்று சொந்தங்களை வரைந்து, யாருக்கு இழுப்பு, யாருக்குத் தோலில் கரப்பான் அரிப்பு, யாருக்குக் காலைத் தும்மல், எந்த வயதில் என்று குறியுங்கள். எங்கள் தாளில் அம்மிச்சியிலிருந்து என் வரைக்கும் ஒரு கோடு நேராக இறங்கியது. டாக்டர் அதைத்தான் நெடுநேரம் பார்த்தார். ஈசினோஃபில், ஐஜிஇ, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி முடிவுகளையும் எடுத்துப்போங்கள். ஐஎல்-4ஆர் வாங்கியையே அடைக்கிற டூபிலுமாப் ஊசிக்கு 2018இல் அமெரிக்காவில் ஆஸ்துமாவுக்கு அனுமதி கிடைத்தது. அது யாருக்கு வேண்டும் என்று முடிவு செய்யவும் ஈசினோஃபில் போன்ற சோதனைகளைத்தான் பார்க்கிறார்கள், ஜீன் எழுத்தை அல்ல.

இவ்வளவையும் அண்ணனிடம் சொன்னேன். "அப்போ எனக்கு வராதுங்கற?"

"வராதுன்னு யாரும் எழுதித் தர மாட்டாங்கண்ணா. தெனமும் காலைல பத்துத் தும்மல் தும்முறீங்களே, அத மொதல்ல டாக்டர்கிட்ட சொல்லுங்க."

"அது பனிக்கு வர்றது" என்று போனை வைத்துவிட்டார். அது சித்திரை மாசம்.