பழைய 1176, புதிய 1176: ஒப்பிட்டுக் கேட்பது எப்படி?

ஒலிப்பதிவில் உரத்த இடங்களை அமுக்கிச் சத்தத்தைச் சீராக்கும் கருவிதான் கம்ப்ரெஸர். அமெரிக்க ஒலிப்பொறியாளர் பில் புட்னம் 1967-இல் கொண்டுவந்த 1176 என்ற கம்ப்ரெஸரில் வால்வு (வெற்றிடக் குழாய்) கிடையாது. ஒலியை அமுக்கும் வேலையை எஃப்.இ.டி வகை டிரான்சிஸ்டர் செய்கிறது. இன்று அதன் மறுபதிப்புகளும், அதைக் கணினியில் நகலெடுக்கும் மென்பொருள்களான பிளக்கின்களும் ஏராளம். பழையதற்கும் இவற்றுக்கும் என்ன வித்தியாசம் என்பதை உங்கள் காதாலேயே கண்டுபிடிக்கலாம், முறையாகக் கேட்டால்.

படி 1: எந்தப் பழையது என்று பாருங்கள்

பழைய 1176 எல்லாம் ஒன்றல்ல. தொடக்கத்தில் வந்தவற்றின் முகப்பில் நீலப் பட்டை இருக்கும். பிறகு இரைச்சலைக் குறைக்கும் சுற்று சேர்ந்தது, பெயரில் எல்.என். (லோ நாய்ஸ், குறைந்த இரைச்சல்) ஒட்டிக்கொண்டது, முகப்பும் கறுப்பானது. அதற்கும் பிந்தைய சிலவற்றில் உள்ளே வரும் சிக்னலை வாங்கும் இன்புட் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. நீலப் பட்டையைப் பின்பற்றிய பிளக்கினைக் கறுப்பு முகப்போடு ஒப்பிட்டால் அது பழையது புதியது என்ற ஒப்பீடே அல்ல.

படி 2: சூடேற விடுங்கள்

பழைய கருவியை அரை மணி நேரம் முன்பே ஆன் செய்யுங்கள். சிக்னல் இல்லாதபோது, கெயின் ரிடக்‌ஷன் (எவ்வளவு அமுக்கப்படுகிறது என்று காட்டும்) நிலையில் மீட்டர் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் அது காட்டும் எதையும் நம்ப முடியாது.

படி 3: முள்ளைப் பாருங்கள், குமிழ் எண்ணை அல்ல

எந்த அளவைத் தாண்டினால் அமுக்க வேண்டும் என்று குறிக்கும் த்ரெஷோல்ட் குமிழ் 1176-இல் கிடையாது. இன்புட்டைக் கூட்டக் கூட்ட அமுக்கமும் கூடும். அட்டாக் (அமுக்கத் தொடங்கும் வேகம்), ரிலீஸ் (அமுக்கத்தை விடும் வேகம்) இரண்டும் தலைகீழ்: வலப்பக்கம் திருப்பினால் வேகம். அட்டாக் 800 மைக்ரோ செகண்டிலிருந்து 20 வரை போகும், ரிலீஸ் 1.1 செகண்டிலிருந்து 50 மில்லி செகண்ட் வரை.

ரேஷியோ (எவ்வளவு கடுமையாக அமுக்குவது என்ற விகிதம்) 4, அட்டாக் 3, ரிலீஸ் 5 என்று தொடங்குங்கள். ஒரே குரல் பதிவை இரண்டிலும் ஓட்டி, உரத்த இடங்களில் இரண்டு முள்ளும் 5 டெசிபல் தொடும்வரை இன்புட்டைத் திருப்புங்கள். எண்கள் பொருந்தாது, பரவாயில்லை. பழைய பாகங்கள் வயதானவை.

படி 4: சத்தத்தைச் சமமாக்குங்கள்

இதைத் தவிர்த்தால் மற்றதெல்லாம் வீண். முதன்முதலில் ஒப்பிட்டபோது பழையதில் "உயிர் இருக்கிறது" என்று நான் உறுதியாக நம்பினேன். அளந்து பார்த்தால் அது ஒன்றரை டெசிபல் உரக்க ஒலித்திருக்கிறது. சமமாக்கியதும் அந்த உயிரில் பாதி போய்விட்டது. உச்ச அளவைப் பார்க்காமல், காதுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்று காட்டும் லவுட்னஸ் மீட்டரைப் பார்த்து, 0.2 டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள்.

படி 5: பேஸ் கிட்டாரில் சோதியுங்கள்

வித்தியாசம் பளிச்சென்று தெரியும் இடம் இது. ரிலீஸை 7-இல், அதாவது மிக வேகமான 50 மில்லி செகண்டில் வையுங்கள். 50 ஹெர்ட்ஸ் சுரத்தின் ஒரு அலைக்கு 20 மில்லி செகண்ட் ஆகும். 50 மில்லி செகண்ட் ரிலீஸ் அந்த அலையின் ஏற்ற இறக்கத்தையே துரத்தத் தொடங்கிவிடும், சுரத்தில் ஒரு கரகரப்பு ஏறும். அந்தக் கரகரப்பு எவ்வளவு தடிப்பாக வருகிறது, எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று கேளுங்கள். குரலில் சொற்களுக்கு இடையிலான மௌனத்தையும் கேளுங்கள், பின்னணி இரைச்சல் அங்கே மேலெழும்.

படி 6: பெயர் தெரியாமல் கேளுங்கள்

கோப்புகளின் பெயரை வேறு யாராவது மாற்றித் தரட்டும். பத்து முறை கேட்டு, எது எது என்று எழுதிவையுங்கள்.

படி 7: எல்லா பட்டனும் ஒன்றாக

கடைசியாக நான்கு ரேஷியோ பட்டன்களையும் சேர்த்து அழுத்தி டிரம்ஸை ஓட்டுங்கள். சுற்று இயல்பு நிலையை விட்டு விலகும் இந்த இடத்தில்தான் நகல்கள் அதிகம் தடுமாறுகின்றன. மீட்டர் முள் ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், கருவி கெட்டுவிடவில்லை. சத்தத்தை மட்டும் மறுபடி சமமாக்கிவிட்டுக் கேளுங்கள்.