சிட்னி கடற்கரையில் கிளைப் போட்டி: உயிர்காப்புப் பந்தயத்தில் இறங்கத் தகுதியும் விதிகளும்

மேற்குச் சிட்னியில், வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் காரில் ஏற்றிக்கொண்டு கடற்கரைக்கு விரைகின்றன. அங்கே 'நிப்பர்ஸ்' என்ற பெயரில் சிறுவர்களுக்குக் கடல் பாதுகாப்புப் பயிற்சி நடக்கிறது. ஒரு சீசன் கழிந்ததும் "கிளைப் போட்டி வருகிறதாம், பெயர் கொடுக்கட்டுமா?" என்று பிள்ளை கேட்கும். பெற்றோர் உடனே போர்டு (கையால் துடுப்புப் போட்டுச் செலுத்தும் அலைப்பலகை) என்ன விலை என்று விசாரிக்கக் கிளம்பிவிடுகிறார்கள். போர்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியவை நாள்காட்டியும், கடற்கரைக் காவலில் நின்ற நேரத்தைக் குறிக்கும் ரோந்துப் பதிவேடும்தான்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் சர்ஃப் லைஃப் சேவிங் என்ற கடல் உயிர்காப்பு அமைப்பு நடத்தும் கிளைப் போட்டிகளுக்குப் புதிதாக வருபவர்களுக்கான விளக்கம் இது. பிள்ளையைச் சேர்ப்பவர்களுக்கும், தாமே கடலில் இறங்க நினைக்கும் பெரியவர்களுக்கும் பொருந்தும்.

படி 1: உங்கள் கிளை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மாநிலத்தில் 129 கிளப்புகள் இருக்கின்றன; அவை 11 கிளைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நகருக்குள்ளேயே இரண்டு கிளைகள். வடக்கு போண்டையில் தொடங்கி, கூஜி, மரூப்ரா, கிரனல்லா வழியாக, ராயல் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் பர்னிங் பாம்ஸ் வரையுள்ள 15 கிளப்புகள் சிட்னி கிளையைச் சேர்ந்தவை. மேன்லியிலிருந்து பாம் பீச் வரையுள்ள கிளப்புகள் வடக்குக் கடற்கரைகள் கிளையைச் சேர்ந்தவை. நீங்கள் எந்த ஊரில் குடியிருக்கிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எந்தக் கிளப்பில் உறுப்பினரோ, அந்தக் கிளப்பின் கிளையில்தான் உங்களுக்குப் போட்டி. கிளைக்கு மேலே மாநிலப் போட்டி. அதற்கும் மேலே, எல்லோரும் 'தி ஆஸீஸ்' என்று அழைக்கும் தேசியப் போட்டி.

கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அலையின் அழகைவிடக் கார் ஓட்டும் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். அதிகாலை ரோந்து முறை வரும்போது இதன் அருமை புரியும்.

படி 2: உறுப்பினர் சந்தாவும் ஆவணங்களும்

சந்தா கட்டி முடித்த உறுப்பினர் மட்டுமே போட்டியிடலாம். பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. நகராட்சியிடம் சம்பளம் வாங்கிக் கடற்கரையில் காவல் நிற்பவர்கள் வேறு. சிவப்பும் மஞ்சளும் கலந்த தொப்பியோடு வார இறுதியில் நிற்கும் தன்னார்வலர்கள் வேறு. இந்தப் போட்டி தன்னார்வலர் கிளப்புகளுக்கு இடையே நடப்பது. சம்பளக் காவலர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஏதாவது ஒரு கிளப்பில் உறுப்பினராக இருந்தால்தான் உள்ளே வர முடியும்.

18 வயது நிரம்பிய உறுப்பினர்களுக்குச் சிறுவர்களோடு பணியாற்றுவதற்கான அரசாங்கச் சரிபார்ப்பு எண் வேண்டும். தன்னார்வலர்களுக்கு இது இலவசம், ஐந்தாண்டு செல்லும். நிப்பர்ஸ் பெற்றோர் தண்ணீருக்குள் உதவிக்கு நிற்பதற்கும் இதே எண் கேட்கப்படும் என்பதால், கிளப் கேட்கும்வரை காத்திருக்காமல் விண்ணப்பித்துவிடுங்கள்.

இரண்டு கிளப்புகளில் உறுப்பினராக இருக்கத் தடை இல்லை. ஆனால் போட்டியிடும் உரிமை ஒரு கிளப்புக்கு மட்டுமே. கிளப் மாற நினைப்பவர் அதற்குரிய மாற்றுப் படிவத்தைக் கொடுத்து, அனுமதி கிடைத்த பிறகே புதுத் தொப்பி போடலாம்.

படி 3: வயதுப் பிரிவைக் கணக்கிடுங்கள்

செப்டம்பர் 30 நள்ளிரவில் உங்களுக்கு என்ன வயதோ, அந்த சீசன் முழுவதும் அதுதான் உங்கள் வயது. 2015 செப்டம்பர் 20-இல் பிறந்த பிள்ளைக்கு 2025 செப்டம்பர் 30-இல் பத்து வயது நிரம்பியிருக்கும். எனவே 11 வயதுக்கு உட்பட்டோர் பிரிவு. அக்டோபர் 5-இல் பிறந்த வகுப்புத் தோழிக்கு அன்று ஒன்பதுதான். அவள் 10 வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் ஓடுவாள். பள்ளியில் ஒரே பெஞ்ச், கடற்கரையில் வேறு வேறு வரிசை. இதில் வாதாடிப் பயனில்லை. பிறப்புச் சான்றிதழைப் பார்த்துத்தான் பதிவே நடக்கிறது.

ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்குப் போட்டி கிடையாது. மணலிலும் கணுக்கால் தண்ணீரிலும் விளையாடுவதே அவர்கள் பாடம். போட்டிப் பிரிவுகள் 8 வயதுக்கு உட்பட்டோரில் தொடங்கி 14 வயதுக்கு உட்பட்டோர் வரை ஆண்டுக்கு ஒன்றாகப் போகும். பிறகு 15, 17, 19 வயதுக்கு உட்பட்டோர், பொதுப் பிரிவு. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு 'மாஸ்டர்ஸ்' உண்டு. நாற்பதில் கடலைக் கற்றுக்கொண்டு அதில் இறங்குபவர்களும் இருக்கிறார்கள், கூச்சப்பட வேண்டாம்.

படி 4: பிரிவுக்குரிய தகுதித் தேர்வு

இங்கேதான் உண்மையான உழைப்பு.

நிப்பர்ஸ் பிள்ளைகளுக்கு சீசன் தொடக்கத்தில் ஒரு நீச்சல் சோதனை வைப்பார்கள். சின்னவர்களுக்கு 25 மீட்டர். 11 வயதுக்கு உட்பட்டோருக்கு 50. அடுத்தடுத்த பிரிவுகளுக்கு 100, 150, 200 என்று ஏறும். கூடவே சில நிமிடம் அசையாமல் மிதந்து காட்ட வேண்டும். நம் பிள்ளைகள் பலர் இதில்தான் திணறுகிறார்கள். நீச்சல் பள்ளியில் வேகமாகக் கையை வீசப் பழகியிருப்பார்கள். சும்மா மிதக்கச் சொன்னால் உடம்பு விறைத்துக் கால் கீழே இறங்கிவிடும். வாரத்தில் ஒரு நாளாவது மிதப்பதை மட்டும் பழக்குங்கள்.

இந்தச் சோதனை தண்ணீருக்குள் இறங்க அனுமதிக்கும், அவ்வளவுதான். நீரில் நடக்கும் போட்டிக்கு இன்னொரு சோதனை, திறந்த கடலில். 11 முதல் 14 வயதுக்கு உட்பட்ட பிரிவுகளுக்கு 288 மீட்டர் நீந்த வேண்டும். குளத்தில் 288 மீட்டர் நீந்துபவர் கடலிலும் நீந்துவார் என்று நம்பிவிடாதீர்கள். கடலில் பிடித்துக்கொள்ளச் சுவர் இல்லை, தரையில் கோடு இல்லை. தலையைத் தூக்கி மிதவையைத் தேடிப் பார்க்கத் தெரியாதவர் 288-ஐ 400 ஆக்கிக்கொள்வார்.

15 வயதுக்கு உட்பட்டோர் பிரிவுக்கு 'சர்ஃப் ரெஸ்க்யூ' சான்றிதழ். இதை 13 வயதில் எடுக்கலாம். 200 மீட்டரை ஐந்து நிமிடத்துக்குள் நீந்த வேண்டும். பிறகு 100 மீட்டர் ஓட்டம், 100 மீட்டர் கடல் நீச்சல், மறுபடி 100 மீட்டர் ஓட்டம், மூன்றும் சேர்த்து ஐந்து நிமிடத்துக்குள்.

17 வயதுக்கு உட்பட்டோர் முதல் மேலே எல்லோருக்கும் 'புரோன்ஸ் மெடாலியன்' சான்றிதழ். குறைந்தபட்ச வயது 15. 400 மீட்டரை ஒன்பது நிமிடத்துக்குள் நீந்திக் காட்டினால்தான் பயிற்சியிலேயே சேர்ப்பார்கள். கடைசித் தேர்வில் 200 மீட்டர் ஓட்டம், 200 மீட்டர் நீச்சல், 200 மீட்டர் ஓட்டம், எட்டு நிமிடத்துக்குள். இடையில் டியூபோடும் (இழுத்துச் செல்லும் மீட்பு மிதவை) போர்டோடும் ஆளை மீட்பது, மூச்சும் நாடியும் நின்றவரை மீட்பது, கழுத்தெலும்பு அடிபட்டவரைத் தூக்குவது, கைச்சைகைகள், வயர்லெஸ் என்று பல வாரப் பாடம்.

சான்றிதழை ஒருமுறை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தால் ஆகாது. ஒவ்வொரு சீசனிலும் டிசம்பர் 31-க்குள் திறன் மறுபரிசோதனை முடித்திருக்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ டிக்கெட் போட்டவர்கள் நவம்பரிலேயே இதை முடித்துவிடுவது நல்லது.

படி 5: ரோந்து மணிகள்

சான்றிதழ் பெற்ற போட்டியாளர் குறைந்தபட்ச ரோந்து மணிகளைக் காட்ட வேண்டும். எத்தனை மணி என்பது நீங்கள் சான்றிதழ் வாங்கிய தேதியைப் பொறுத்துக் கூடும், குறையும். அந்த சீசனின் சுற்றறிக்கையில் கணக்கு இருக்கும். வேகத்தால் மட்டும் இந்தப் பந்தயத்துக்கு வர முடியாது என்பதை இந்த ஒரு விதி சொல்லிவிடுகிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு. ஆளைக் காப்பாற்ற நிற்காதவருக்கு ஆளைக் காப்பாற்றும் பந்தயத்தில் என்ன வேலை?

இதற்குப் பின்னால் கனத்த வரலாறு இருக்கிறது. 1938 பிப்ரவரி 6, ஞாயிறு. போண்டை கடற்கரையில் கிளப் பந்தயத்துக்காக வீரர்கள் கூடியிருந்தார்கள். திடீரென்று அடுத்தடுத்துப் பேரலைகள் எழுந்து, மணல் திட்டில் நின்றவர்களை ஆழத்துக்கு இழுத்துப் போயின. பந்தயத்துக்கு வந்தவர்கள் பந்தயத்தை விட்டுவிட்டு மீட்பில் குதித்தார்கள். சுமார் 250 பேர் கரைசேர்க்கப்பட்டார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். 'கறுப்பு ஞாயிறு' என்று இன்றும் அழைக்கிறார்கள். அன்றைய மீட்பில் கிளப் வீரர்களாக நின்றவர்கள் ஆண்கள் மட்டுமே. பெண்களை முழு உறுப்பினராக ஏற்க 1980 வரை ஆனது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடைமுறைக்கு வருவோம். ரோந்துக்கு வந்ததும் பதிவேட்டில் பெயரை ஏற்றுங்கள், முடிந்து போகும்போதும் சரிபாருங்கள். அந்த மணிகள் 'சர்ஃப்கார்டு' என்ற கணினிப் பதிவில் ஏறியிருக்கின்றனவா என்று மாதம் ஒருமுறை உங்கள் உறுப்பினர் கணக்கில் பாருங்கள். கொளுத்தும் வெயிலில் நாலு மணி நேரம் நின்றும் பதிவில் இல்லையென்றால், போட்டிக் கணக்குக்கு நீங்கள் நிற்கவே இல்லை. வர முடியாத நாளில் இன்னொருவரை மாற்றாக ஏற்பாடு செய்வது உங்கள் பொறுப்பு.

சின்ன நிப்பர்ஸ் பிள்ளைகளுக்கு ரோந்து கிடையாது. அவர்கள் தண்ணீரில் இறங்கும்போது ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாவலர் வேண்டும் என்பது விதி. அந்த ஆட்கள் வானத்திலிருந்து வரப்போவதில்லை, பெற்றோர்தான்.

படி 6: பெயர் கொடுப்பது

தனி ஆளாக விண்ணப்பிக்க முடியாது. கிளப்பின் அணி மேலாளர்தான் எல்லாப் பெயர்களையும் இணையத்தில் ஏற்றுவார். கிளை கொடுக்கும் கடைசித் தேதிக்குச் சில நாள் முன்னதாகவே அவர் தம் பட்டியலை மூடிவிடுவார். எந்தெந்த நிகழ்ச்சிகள் என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். போட்டியாளர் எண்ணிக்கைக்கு ஏற்ப ஒவ்வொரு கிளப்பும் நடுவர்களையும் நீர்ப் பாதுகாவலர்களையும் அனுப்ப வேண்டும் என்பதால், "நான் நடுவர் பயிற்சிக்கு வருகிறேன்" என்று சொல்லும் பெற்றோருக்கு எந்தக் கிளப்பிலும் தனி மரியாதை.

படி 7: உடுப்பும் போர்டும்

கிளப் நிறத்தில் நான்கு துண்டாகத் தைத்த துணித் தொப்பி, நாடாவைத் தாடைக்குக் கீழே கட்டியிருக்க வேண்டும். நீர்ப் போட்டிகளுக்குப் பளிச்சென்ற இளஞ்சிவப்பு மேல்சட்டை கட்டாயம். பையன்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்குக் காரணத்தைச் சொல்லுங்கள். தேசியப் போட்டி நடந்த குராவா கடற்கரையில் 1996, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் இளம் போட்டியாளர் மூவர் கடலில் உயிரிழந்தார்கள். நுரைத்த கடலில் மூழ்கிய ஆளைக் கண் தேடிப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பது அப்போது எல்லோருக்கும் உறைத்தது. அதன்பின் வந்ததுதான் இந்த நிறம். மேல்சட்டை இல்லாத பிள்ளையைத் தண்ணீருக்கு அனுப்ப மாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை.

போர்டில் சின்னவர்களுக்கு மெத்தென்ற ஃபோம் வகை. 11 வயதுக்கு உட்பட்டோர் பிரிவிலிருந்து ஃபைபர்கிளாஸ், நீளம் 2 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிள்ளை அடுத்த ஆண்டு வளர்ந்துவிடும், முதல் சீசனுக்குக் கிளப் போர்டே போதும். வெட்சூட் (குளிர் தாங்க உடலை ஒட்டி அணியும் ரப்பர் உடை) போட விரும்பினால் முதலில் நடுவர் அனுமதி கேட்க வேண்டும்.

படி 8: நிகழ்ச்சிகளும் விதிகளும்

எல்லாவற்றையும் இங்கே விவரிக்க இயலாது. புதியவர்கள் பெரும்பாலும் இறங்கும் நான்கை மட்டும் பார்ப்போம்.

'பீச் ஃப்ளாக்ஸ்' பார்க்கச் சிரிப்பாக இருக்கும். இறங்கினால் மூச்சு வாங்கும். மணலில் குப்புறப் படுத்து, கால்விரல்கள் கோட்டைத் தொட, குதிகால்கள் ஒட்டியிருக்க, ஒரு கை மேல் இன்னொரு கையை வைத்துக்கொள்ள வேண்டும். கொடிகள் உங்கள் முதுகுக்குப் பின்னால், சுமார் 20 மீட்டர் தள்ளி நடப்பட்டிருக்கும். கொடி என்று பெயரே தவிர, அவை ரப்பர்க் குழாய்த் துண்டுகள். ஆட்களைவிடக் குறைவாகவே இருக்கும். "தலை கீழே" என்று குரல் வந்ததும் தாடை கைமேல் படியும். விசில். எழுந்து, திரும்பி, ஓடிப் பாய்ந்து ஒன்றைப் பிடிக்க வேண்டும். வெறுங்கையோடு நிற்பவர் வெளியே. இரண்டைப் பிடித்தால் அதுவும் தகுதி நீக்கம். கையாலோ காலாலோ பக்கத்தவரைத் தடுப்பதும் அப்படியே. பெரும்பாலோர் எழுந்த பிறகு திரும்புகிறார்கள். எழும்போதே திரும்பிவிடப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

போர்டு பந்தயத்தில் மிதவைகளை வரிசைப்படி சுற்றி வர வேண்டும். ஒன்றைத் தவறவிட்டால் திரும்பிப் போய்ச் சுற்றிவிட்டு வரலாம், சுற்றாமலே கரையேறினால் கணக்கில்லை. அலை போர்டைப் பறித்துக்கொண்டாலும் பந்தயம் முடிந்துவிடாது. நீந்திப் போய்ப் பிடித்து, முடிவுக் கோட்டை அதைத் தொட்டபடி, நின்ற நிலையில் கடந்தால் சரி.

போர்டு மீட்பில் இருவர். ஒருவர் நீந்தி மிதவையைத் தொட்டுக் கையை உயர்த்துவார். அப்போதுதான் மற்றவர் போர்டோடு கிளம்பலாம். திரும்பி வந்து கோட்டைத் தாண்டும்போது இருவரும் போர்டைத் தொட்டிருக்க வேண்டும். கரை வந்த மகிழ்ச்சியில் ஒருவர் கையை விட்டுவிட்டு ஓடுவது முதல் சீசனில் அடிக்கடி காணும் காட்சி.

மணல் ஓட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 90 மீட்டர், நிப்பர்ஸுக்கு 70. விதி என்று சிக்கலாக எதுவும் இல்லை.

படி 9: அன்று ஏதாவது தகராறு என்றால்

முதலில் அலையின் நிலையை நடுவர்கள் ஆராய்வார்கள். ஆபத்து என்று கண்டால் தளத்தை மாற்றுவார்கள், தள்ளிவைப்பார்கள், ரத்தும் செய்வார்கள். அதில் பேச இடமில்லை.

யாராவது உங்களை இடித்தார்கள், மிதவையைச் சுற்றவில்லை என்றால் முறையிடலாம். முடிந்த உடனே, இடத்தை விட்டு நகராமல், நடுவரிடம் வாயால் சொல்ல வேண்டும். எழுத்தில் கொடுப்பது அதன்பின். வீட்டுக்குப் போய் வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாள் மின்னஞ்சல் அனுப்பினால் யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முடிவுக் கோட்டில் யார் முந்தினார் என்று நடுவர்கள் வரிசைப்படுத்துவதை எதிர்த்து முறையீடு கிடையாது. பிள்ளைக்காகப் பெற்றோர் நேரே நடுவரிடம் பாய வேண்டாம். அணி மேலாளர் பக்கத்திலேயே இருப்பார், அவர் வழியாகப் போங்கள்.