சம்பளம் வாங்காத ஒருவருக்கு நினைவு மலர் எழுதுவது எப்படி

செத்தவீட்டின் எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு, போனவர் நினைவாக 31ஆம் நாள் கொடுக்கும் மலர்ப் புத்தகத்துக்காக ஆட்கள் அச்சகத்துக்கு வருவார்கள். கையில் ஒரு படமும், பிறந்த திகதி, இறந்த திகதி எழுதிய கொப்பித் தாளும் இருக்கும். போனவர் அதிபராகவோ அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகம் பார்த்தவராகவோ இருந்தால் மகனே எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்: முதல் நியமனம், மூதூருக்கு இடமாற்றம், பதவி உயர்வு, ஓய்வு, பிரியாவிடை. போனவர் அம்மாவோ, கலியாணம் கட்டாத பெரியம்மாவோ, பிறவியிலேயே இயலாத தம்பியோ என்றால் பேச்சு வேறு. "அக்கா, வாழ்க்கை வரலாறு எண்டு எழுத ஒண்டும் இல்லை. வீட்டில இருந்தவதானே. தேவாரத்தையும் புலம்பலையும் போட்டு விடுங்கோ."

அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். திருகோணமலையில் நினைவு மலர்களைத் தட்டச்சுச் செய்வதும், பக்கம் கட்டுவதும், பாதிநேரம் நானே எழுதிக் கொடுப்பதும் என் வேலை. எழுத ஒன்றுமே இல்லாத மனிதர் ஒருவரையும் நான் இதுவரை காணவில்லை. யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரிந்தால் போதும்.

முதலில் நாள் கணக்கு. 31ஆம் நாள் மலர் கையில் இருக்க வேண்டும். அச்சடிக்க, மடிக்க, பின் அடிக்க எடுக்கும் நேரத்தையும், பிழை பார்க்கும் புரூவ் பிரதி வீட்டுக்குப் போய் நாலு பேர் கை மாறித் திரும்பும் நேரத்தையும் கழித்தால், எழுத்து 20ஆம் நாளுக்குள் வந்துவிட வேண்டும். நடுவில் பின் அடிக்கிற புத்தகம் என்பதால் பக்கங்கள் நாலால் பிரிபட வேண்டும்: 12, 16, 20. பஞ்சபுராணப் பாடல்கள், சம்பந்தர் கோணமாமலை மேல் பாடிய பதிகம், இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பா, வம்சாவளி, புலம்பல், நன்றி நவிலல் எல்லாம் வழமையாக வருபவை. 16 பக்க மலரில் நாலு பக்கத்தை வாழ்க்கை வரலாற்றுக்கென்று முதலிலேயே ஒதுக்குங்கள். இடம் ஒதுக்காவிட்டால் புலம்பல் அதையும் பிடித்துக்கொள்ளும். புலம்பல் அநேகமாக எல்லா மலரிலும் ஒரே வரிகள்தான். பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும்.

நம் பக்கத்தில் பலர் 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டியைக் கன்னியா வெந்நீரூற்றில் செய்கிறார்கள். இராவணன் தன் தாய்க்குக் கடன் கழித்த இடம் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் இடம் அது. அந்தத் தாய் என்ன வேலை பார்த்தாள், எவ்வளவு சொத்து வைத்திருந்தாள் என்று அந்தக் கதையைச் சொல்லுகிற யாரும் கேட்பதில்லை. ஏழு கிணறுகளும் அவளுக்காக. மலர் எழுத உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி யாரிடம் கேட்பது. மூத்த மகனிடம் தொடங்க வேண்டாம். செத்தவீட்டை நடத்தி முடித்த ஆள், அவர் தலைக்குள் கணக்கும் களைப்பும்தான் இருக்கும். போனவருடன் ஒரே அறையில் படுத்தவரிடம் போங்கள். பக்கத்து வளவுக்காரியிடம் போங்கள். பேரப்பிள்ளைகளைத் தனியாக இருத்திக் கேளுங்கள், பெரியவர்கள் முன்னால் அவர்கள் "நல்ல அம்மம்மா" என்று மட்டும்தான் சொல்வார்கள். 1923இல் தொடங்கிய சண்முகா மகளிர் கல்லூரியில் படித்துவிட்டுக் கலியாணத்தோடு வீட்டில் நின்ற பெண்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களோடு ஒரே வாங்கில் இருந்த ஒரு சிநேகிதி உயிரோடு இருந்தால் தேடிப் பிடியுங்கள். கலியாணத்துக்கு முந்திய அந்தப் பெண்ணைப் பிள்ளைகள் யாரும் பார்த்ததில்லை, அவவுக்குத்தான் தெரியும்.

"என்ன செய்தவ?" என்று கேட்காதீர்கள். "சமைச்சவ, பிள்ளையளைப் பார்த்தவ" என்ற பதில்தான் வரும், அதோடு கதை நின்றுவிடும். நான் கேட்பவை இப்படி இருக்கும். அவ இல்லாமல் எந்த நேரத்தில வீடு வெறிச்சோடிக் கிடக்குது? ஆற்ற குரலைக் கேட்டால் எழும்பி வருவா? எதுக்குக் கோபம் வரும்? எதை ஒளிச்சு வைப்பா? 1990இல இடம்பெயரேக்க எதைத் தூக்கிக்கொண்டு வந்தவ? 2004 டிசம்பர் 26 விடிய எங்க நிண்டவ? கடைசி இரண்டு கேள்விகளையும் ஆளைப் பார்த்துக் கேளுங்கள். சிலருக்கு அந்த நாட்களைத் தொடவே ஏலாது, அப்போது விட்டுவிடுங்கள்.

திருக்கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் தன் பெரியம்மாவின் மலருக்காக வந்திருந்தார். கலியாணம் ஆகாதவர், தங்கச்சியின் வீட்டிலேயே வாழ்ந்து முடித்தவர். எதைக் கேட்டாலும் "நல்லவ" என்ற ஒரே பதில். விடிய எழும்பி முதலில் என்ன செய்வா என்று கேட்டேன். "வாசலைக் கூட்டுவா. கூட்டிப்போட்டு ஈர்க்குமாற்றைச் சுவரில சாத்திவச்சிட்டு, கடலைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பா. மந்திரமாக்கும் எண்டு நாங்கள் கேட்கேல்லை" என்றார். அங்கேயே நின்று தாய்க்குப் போன் எடுத்தார். தாய்க்குத் தெரியவில்லை. நோர்வேயில் இருக்கும் மாமாவுக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்த ஒழுங்கையில் மீன் விற்கும் ஒரு அம்மாதான் சொன்னார்: அந்த ஒழுங்கையிலிருந்து கடலுக்குப் போன வள்ளங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி, திரும்பி வந்துவிட வேண்டும் என்று கேட்பாராம். கதை பேச்சில்லாத வீட்டுக்காரரின் வள்ளத்தையும் விடமாட்டாராம்.

வாழ்க்கை வரலாற்றின் முதல் வரியாக அதையே வைத்தோம். கூடவே அந்த வள்ளங்களின் பெயர்களையும் தேடி எடுத்து அச்சடித்தோம். அந்த அம்மா ஒரு சதம் உழைத்ததில்லை. அவர் கேட்டதனால்தான் வள்ளங்கள் கரைக்கு வந்தன என்று யாரும் சொல்லப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த ஒழுங்கையில் நாளும் விடிந்தது அப்படித்தான்.

இன்னொரு பக்கத்தால் ஒரு யோசனை வரும், குறிப்பாக வெளிநாட்டிலிருந்து. "அம்மா செய்த வேலைக்குச் சம்பளம் போட்டுப் பார்த்தால் கோடிக்கணக்கில் வரும், அதை எழுதுங்கோ" என்று வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அந்தக் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணித்தியாலங்கள் கூலியில்லாத வீட்டுப் பராமரிப்பு வேலையில் போகின்றன என்றும், அதில் முக்காற்பங்குக்கு மேல் பெண்களின் தலையில் என்றும் சர்வதேச தொழில் அமைப்பு 2018இல் எழுதியது. இலங்கையிலும் 2017இல் தொகைமதிப்புத் திணைக்களம் மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. ஓய்வூதியத்துக்கும், பாதீட்டுக்கும், விவாகரத்து வழக்குக்கும் இப்படிப்பட்ட கணக்குகள் கட்டாயம் வேண்டும், அதற்காகச் சண்டை பிடிக்கவும் வேண்டும். நினைவு மலரில் மட்டும் போடாதீர்கள். அம்மாவைச் சமையற்காரி, தாதி, ஆசிரியை என்று கூலி போட்டுக் கூட்டினால், பெறுமதி என்பது உழைப்புக்குத்தான் என்று நாமே ஒப்புக்கொண்டு விடுகிறோம். அப்படியென்றால் ஒரு வேலையும் செய்ய இயலாமல் போன அந்தத் தம்பியை எந்தப் பக்கத்தில் போடுவது?

அவர்களுக்கு எழுதுவதுதான் இந்த வேலையில் கடினம். உவர்மலையிலிருந்து ஒரு அக்கா தன் தம்பிக்காக வந்தார். பேச்சுச் சரியாக வராது, உடுப்புப் போடவும் ஆள் வேண்டும், நாற்பது தாண்டித்தான் போனான். "அவன் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நாங்கள்தான் அவனுக்கு எல்லாம் செய்தனாங்கள்." எதற்குச் சிரிப்பான் என்று கேட்டேன். யோசிக்காமல் பதில் வந்தது: கரண்ட் போனால் சிரிப்பான். கரண்ட் போனால் எல்லாரும் அறைகளை விட்டு விறாந்தைக்கு வந்து அவனைச் சுற்றி இருப்பார்களாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தபோது ஊரே புழுங்கிச் செத்தது. அவனுக்கு மட்டும் கோயில் திருவிழா. ஒருமுறை கரண்ட் வந்ததும் எழும்பப் போன அத்தானின் சாரத்தைப் பிடித்து இழுத்து இருத்தினானாம். இதைச் சொல்லும்போது அந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒரு பக்கத்தில் அவன் முழுதாக இருக்கிறான்.

இப்படிப்பட்டவர்களுக்கு எழுதும்போது "தெய்வக் குழந்தை" என்று போடாதீர்கள், அது ஆளை மறைத்துவிடும். "குறையை வென்று" என்றும் போடாதீர்கள், அவன் எதையும் வெல்லப் புறப்படவில்லை. மற்றவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதை இந்தப் பக்கத்தில் எழுத வேண்டாம், அதற்கு நன்றிப் பக்கம் இருக்கிறது. அவனுக்கு எது பிடித்தது, யாரைக் காத்திருந்தான், எந்தச் சாப்பாட்டைத் துப்பினான், அதுதான் இங்கே வர வேண்டும். பிடிவாதத்தையும் எழுதுங்கள். அம்மாமாருக்கும் இதே விதிதான். "பொறுமையின் சிகரம்" என்று மூன்று வரி எழுதுவதைவிட, பருப்பில் உப்புக் கூடிவிட்டது என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுக்க மாட்டார் என்று ஒரு வரி எழுதினால் வாசிக்கிற எல்லாருக்கும் ஆள் தெரியும்.

வம்சாவளியில் ஒரு கண் வையுங்கள். கலியாணம் கட்டாதவர்களையும், பிள்ளை இல்லாதவர்களையும், குழந்தையாகவே போனவர்களையும் சிறிய எழுத்தில் போடுவது அல்லது விட்டுவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. எல்லாருக்கும் ஒரே அளவு எழுத்து. இந்த மாவட்டத்தில் காணாமல் ஆக்கப்பட்டவர்கள் இருக்கும் குடும்பங்கள் பல. அவர்களின் பெயருக்கு முன்னால் "அமரர்" போடுவதா இல்லையா என்பதைத் தாயிடமோ மனைவியிடமோ கேட்காமல் தட்டச்சுச் செய்யவே கூடாது. "போடாதை" என்றால் வெறும் பெயர் போதும்.

மரண அறிவித்தலிலும் மலரிலும் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் லண்டன், கனடா, பொறியியலாளர், கணக்காளர் என்று வரும். அது வரட்டும், அவர்களுடைய பெருமை அது. ஆனால் கூடவே இருந்து கழுவித் துடைத்த மகளின் பெயருக்குப் பக்கத்தில் வெறுமையாக விடாதீர்கள். அவருடைய பெயரை முதலில் போடச் சொல்லி நான் வாதாடுவேன். பல வீடுகளில் மூப்பு வரிசை என்று மறுப்பார்கள். மறுத்தால் நன்றி நவிலலிலாவது அவருக்கு ஒரு முழு வசனம் கேளுங்கள்.

அந்த நன்றிப் பக்கத்தில் பதாகை கட்டிய சங்கங்களின் பட்டியல் எப்போதும் நீளமாக இருக்கும். பறை அடித்தவர், மயானத்தில் விறகு அடுக்கியவர், தேத்தண்ணிக்குக் கேத்தில் தூக்கித் திரிந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆகியோரை "மற்றும் பல வழிகளிலும் உதவிய அனைவரும்" என்பதற்குள் அடைத்துவிடுவார்கள். பெயர் கேட்டு, "திரு", "திருமதி" போட்டு, மற்றவர்களுக்குச் சமமாக எழுதுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

புரூவ் வந்ததும் அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் ஒரு பிரதி போகட்டும், எழுத்துப்பிழைக்கு. இன்னொரு பிரதியை வீட்டிலிருக்கும் ஆக வயது போனவருக்கு உரத்து வாசித்துக் காட்டுங்கள். "இல்லை, அது அப்பிடியில்லை" என்று அவர் குறுக்கே பேசத் தொடங்கினால் பேனையை எடுங்கள், நல்ல பகுதி இனித்தான் வரும். இதற்காக ஒரு நாள் பிந்தினாலும் அச்சகத்தில் சமாளிக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

அச்சான பிறகு இரண்டு பிரதிகளைக் கசங்காமல் எடுத்து வையுங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் எழுத்துகளைச் சேர்த்து இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டத்தில் நினைவு மலர்களும் இருக்கின்றன, ஊர் வரலாறு தேடுபவர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். அங்கே ஒன்றைக் கொடுங்கள். கொடுக்க முன் அட்டையின் உட்புறத்தில் போனவரின் முழுப்பெயர், ஊர், ஒழுங்கை, ஆண்டு நான்கும் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். தொழில் என்று ஒரு வரி கேட்டால், அதை நிரப்பாமலே கொடுக்கலாம்.