கலாநிதிப் பட்டத்தோடு வன்னி வளாகத்துக்குத் திரும்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

வருடா வருடம் யாராவது ஓர் இளம் விரிவுரையாளர் வெளிநாட்டில் படிப்பை முடித்துக்கொண்டு வந்து சேர்கிறார். வவுனியாவின் பம்பைமடு என்றாலும் கிளிநொச்சியின் அறிவியல் நகர் என்றாலும் கதை ஒன்றுதான்: நாங்கள் அந்த வயதில் சொதப்பிய அதே இடங்களில் அவரும் சொதப்புகிறார். கடமையேற்புக் கடிதத்தை நேரத்துக்குக் கொடுங்கள், கற்கை விடுமுறைப் பிணையைப் படித்துப் பாருங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைப் பதிவாளர் பிரிவே ஞாபகப்படுத்தும்.

பேராசிரியர் அன்பளிப்பாகத் தரும் இயந்திரம்

இதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வரும்.

ஜப்பானில் படித்தவரிடம் மேற்பார்வையாளர் சொல்வார், "எங்களுக்குப் புதியது வருகிறது, இந்தப் பழைய காஸ் குரோமட்டோகிராஃபை நீ கொண்டு போ." மாதிரியை ஆவியாக்கி, அதிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி அது. அவர் நல்ல மனதோடுதான் சொல்கிறார். இவருக்கும் வெறுங்கையோடு ஊருக்குப் போக மனமில்லை. கப்பல் கூலிக்கு யாரோ ஒருவர் கிடைத்துவிடுவார். ஆனால் வரிவிலக்குக் கடிதம் துறை, பீடம், நிதிப்பிரிவு, அமைச்சு என்று நடந்துகொண்டிருக்கும்போதே பெட்டி கொழும்புக்கு வந்துவிடும். அது துறைமுகத்தில் கிடக்கும் நாட்களுக்கெல்லாம் தாமதக் கட்டணம் ஏறும்.

சரி, ஒருவழியாக ஏ9 வீதியால் வந்து சேர்ந்தது என்று வைப்போம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. தகுந்த மின்மாற்றி வாங்க வேண்டும். கூடவே வந்த கணினியில் மென்பொருள் முழுக்க ஜப்பானிய மொழி. கொண்டு வந்தவருக்கு வாசிக்கத் தெரியும், தொழில்நுட்ப அலுவலருக்குத் தெரியாது. கருவிக்குள் செலுத்தும் ஹீலியம் வாயுச் சிலிண்டருக்கு ஒவ்வொரு வருடமும் பாதீட்டில் காசு ஒதுக்க வேண்டும். பழுதானால் கொழும்பு முகவர், "இது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த மாதிரி, எங்களிடம் உதிரிப்பாகம் இல்லை" என்று கையை விரிப்பார். 2022 பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு என்று அறிவித்தார்கள். ஜெனரேட்டருக்கு டீசலும் கிடைக்கவில்லை. ஆற அமரச் சூடேறி நிலைக்கு வர வேண்டிய கருவிகளின் பாட்டை நீங்களே யோசியுங்கள்.

வன்னியில் ஓர் ஆய்வுகூடம், எது என்று எழுத மாட்டேன். அங்கே இப்படி வந்த கருவி ஒன்று சுற்றிய பொலித்தீனைக்கூடக் கழற்றாமல் நிற்கிறது. அதற்கு மேலே இறுதியாண்டு ஆய்வறிக்கைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். பொருட்கணக்கெடுப்புக்கு வருகிறவர்கள் இலக்கத்தைப் பார்த்து, சரி போட்டுவிட்டுப் போவார்கள். பொறுக்க முடியாதது இதுதான்: அந்தத் துறை பிறகு வேலைசெய்கிற கருவி ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, "உங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே" என்று பதில் வந்தது. கொண்டு வந்தவர் அதற்குள் மறுபடி வெளிநாடு போய்விட்டார். மாட்டிக்கொண்டு நிற்பது மாணவர்கள்.

கருவி பேராசிரியரிடமே இருக்கட்டும். வருடத்துக்கு இத்தனை மாதிரிகளைப் பகுப்பாய்வு செய்து தருவோம் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள். மண் மாதிரி என்றால் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். ஜப்பானும் சரி, அவுஸ்திரேலியாவும் சரி, வெளிநாட்டு மண்ணை அனுமதிப் பத்திரம் இல்லாமல் உள்ளே விடாது. அதற்கு அங்குள்ள ஆய்வுகூடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் அங்கே நடமாடும்போதே பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டிய வேலை அது. ஊருக்கு வந்து மின்னஞ்சலில் கேட்டால் அன்பான பதில் வரும், பத்திரம் வராது. பெட்டியில் எதையாவது கொண்டுவரத்தான் வேண்டும் என்றால் மண் ஈரமானி, பிஎச் மானி போல பேட்டரியில் ஓடுகிற சின்னச் சாமான்கள் போதும். பிஎச் மானிக்கு உதிரி மின்வாய்களையும் வாங்குங்கள். மின்வாய் ஓரிரு வருடத்தில் களைத்துவிடும்.

மழையைப் பார்க்காமல் டிக்கெட் போடுவது

இது வயல் ஆய்வுக்காரருக்கு. புலமைப்பரிசில் எப்போது முடிகிறதோ அப்போது வந்து இறங்கிவிடுகிறார்கள். வன்னிக்கு மழையில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை, வடகீழ்ப் பருவக்காற்றோடு. காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்காரர் அதற்கு முன்னரே விதைத்துவிடுவார். கார்த்திகையில் வந்த ஒருவர் மண் மாதிரி எடுக்க வயலுக்குப் போனார். "முன்னமே வந்திருக்கலாமே சேர், இப்ப மண் தண்ணிக்குள்ள எல்லோ கிடக்கு" என்றார் வயல்காரர். சித்திரையில் வந்தால், குளத்து நீரில் செய்யும் சிறுபோகம் இருக்கிறதே என்பார்கள். கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். உங்கள் பரிசோதனைத் துண்டு இருக்கும் பக்கத்துக்குத் தண்ணீர் வராமலும் போகலாம். ஆவணி, புரட்டாதிக்குள் வந்து நிற்கப் பாருங்கள். முடியாதென்றால் மானிய விண்ணப்பத்தை அங்கிருந்தே போட்டு, துறைத் தலைவரிடம் சொல்லி ஒரு மாணவரையாவது வயலில் இறக்கிவிடுங்கள்.

'அங்கே எல்லாம் இப்படி இல்லை'

பீடச்சபையில் ஒருமுறை சொன்னால் போதும், அடுத்த எல்லாக் குழுவிலும் உங்கள் பெயர் இருக்கும்.

பழைய பல்கலைக்கழகக் கணக்கு

படித்த இடத்தில் தந்த மின்னஞ்சல், மென்பொருள் கணக்கை மூடிவிடுவார்கள். தரவை முன்னமே இறக்கி வையுங்கள், புள்ளிவிபரத்துக்கு இலவசமான ஆர் மென்பொருளைப் பழகிக்கொண்டு வாருங்கள். ஆய்வுக் கட்டுரை அனுப்பும்போது தொடர்புக்கு அந்த முகவரியைக் கொடுக்க வேண்டாம். திருத்தம் கேட்டு ஆசிரியர் எழுதும் கடிதம் யாரும் திறக்காத பெட்டியில் போய் விழும்.

வகுப்பின் மௌனம்

முதலாம் வருடத்தில் யாரும் கேள்வி கேட்பதில்லை, இவர்களுக்கு ஆர்வமே இல்லை என்று வந்த மாதமே முடிவு கட்டுகிறார்கள். உயர்தரம் வரை தமிழிலோ சிங்களத்திலோ படித்த பிள்ளைகள் அவர்கள். ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கவே இப்போதுதான் பழகுகிறார்கள், நீங்களோ அங்கே கருத்தரங்கில் பேசிய வேகத்தில் ஓடுகிறீர்கள். கேள்வியைத் துண்டுத் தாளில் எழுதி மேசையில் வைக்கச் சொல்லுங்கள், எந்த மொழியிலும் எழுதலாம் என்றும் சொல்லுங்கள். சிங்களத்தில் வருவதை வாசிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து அறைக்காரரிடம் கொண்டு போங்கள், அவருக்கும் அதே வகுப்புத்தானே அடுத்த நாள்.